குடிபோதை வழக்கும் ஜமாஅத் சிபாரிசும்: பஷீர் வழக்கு நமக்குச் சொல்வது

கே.எம். பஷீர் என்ற பெயர் தமிழகத்தில் பலருக்கு நினைவில் இருக்காது. கேரளத்தின் 'சிராஜ்' நாளிதழில் திருவனந்தபுரம் அலுவலகப் பொறுப்பாளராக இருந்தவர். மலப்புரம் மாவட்டத்துக்காரர். வயது 35. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். 2019 ஆகஸ்ட் 3ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒரு மணிக்கு, திருவனந்தபுரம் மியூசியம் காவல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, பைக்கில் இருந்த அவர் மீது வேகமாக வந்த கார் ஒன்று மோதியது. பஷீர் மவுத்தாகிவிட்டார்.

காரில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் ஸ்ரீராம் வெங்கட்ராமன். ஐ.ஏ.எஸ். அதிகாரி, அதற்கு முன் மருத்துவம் படித்தவர், வெளிநாட்டில் மேற்படிப்பை முடித்துத் திரும்பி, நில அளவைத் துறை இயக்குநராக அப்போதுதான் நியமிக்கப்பட்டிருந்தார். மற்றவர் அந்தக் காரின் உரிமையாளரான பெண். ஓட்டியது யார் என்பதிலேயே முதலில் குழப்பம். நேரில் பார்த்தவர்கள் அதிகாரிதான் ஓட்டினார் என்றார்கள். அவர் குடித்திருந்தார் என்பது போலீஸ் வைத்த குற்றச்சாட்டு. அவர் அதை மறுக்கிறார்.

இனி கவனமாகப் படியுங்கள். அவரை அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மது வாடை இருப்பதை அங்கே மருத்துவர் குறித்துவைத்தார். ஆனால் ரத்தம் எடுக்கும்படி போலீஸ் கேட்கவில்லை. அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அவரோ ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். கடைசியில் ரத்தம் எடுக்கப்பட்டபோது விபத்து நடந்து ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அறிக்கை வந்தது: ரத்தத்தில் மது இல்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. மனித உடல் மதுவை மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் கரைத்துவிடுகிறது. ஆளுக்கு ஆள் சற்றுக் கூடும், குறையும். 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் மது இருக்கும் ஒருவர், அதாவது சட்டம் அனுமதிக்கும் அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல் உள்ள ஒருவர், ஏழு மணி நேரம் சும்மா படுத்திருந்தால் போதும். எட்டாவது மணியில் எடுக்கும் ரத்தம் சுத்தமாக இருக்கும். எனவே ஒன்பது மணி நேரம் கழித்து வரும் 'இல்லை' என்ற அறிக்கை, அவர் குடித்தார் என்றும் காட்டாது, குடிக்கவில்லை என்றும் காட்டாது. அந்த இரவில் என்ன நடந்தது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி கரைந்துபோய்விட்டது.

வழக்கு அதற்குப் பிறகு நடந்த நடை தனிக் கதை. கைது, இடைநீக்கம், மூன்றே நாளில் ஜாமீன். கடமையில் தவறியதாக காவல் நிலைய உதவி ஆய்வாளரும் இடைநீக்கம் செய்யப்பட்டார். 2020 மார்ச்சில் அந்த அதிகாரி சுகாதாரத் துறையில் மீண்டும் பணியமர்த்தப்பட்டார். 2022 ஜூலையில் ஆலப்புழா மாவட்ட ஆட்சியர் ஆனார். கேரள முஸ்லிம் ஜமாஅத்தும் பத்திரிகையாளர்களும் போராடியதால் ஒரு வாரம் போல்தான் அந்த நாற்காலியில் இருக்க முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்ற கடும் பிரிவை செஷன்ஸ் நீதிமன்றம் நீக்கி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற இலேசான பிரிவை மட்டும் வைத்தது. 2023 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் அந்தக் கடும் பிரிவைத் திரும்பச் சேர்த்தது. அதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2023 ஆகஸ்டில் அந்த மனு தள்ளுபடியானது. அவர் குற்றவாளியா என்பதை விசாரணை நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. இதை ஒரு ஆலிமாகவும் நான் வலியுறுத்துகிறேன்.

ஒரு குப்பியில் பிடிக்க வேண்டிய சில மில்லி ரத்தத்தை உரிய நேரத்தில் பிடிக்காததால், ஒரு குடும்பம் மூன்று நீதிமன்றங்களின் படிகளை ஏறி இறங்க வேண்டியதாகிவிட்டது.

நம் மாவட்டத்து நிலவரம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கேரள வழக்கை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. ஊர்களை ஒட்டியே போகும் சாலை. உள்ளே வந்தால் அறந்தாங்கி, புதுக்கோட்டை. திருச்சியிலிருந்து காரைக்குடி, ராமேஸ்வரம் போகும் வண்டிகள் இரவெல்லாம் பறக்கின்றன. இந்தச் சாலைகளில் அடிபடுபவர்களும் நம்மவர்கள். அடிக்கிறவர்களிலும் நம்மவர்கள் உண்டு. 'நம்ம பிள்ளைங்க குடிக்கிறதில்ல' என்று மேடையில் சொல்வது எளிது. ஒவ்வொரு ஊர் ஜமாஅத் நிர்வாகியும் உண்மை நிலையை அறிவார். அரசே கடை திறந்து விற்கும் மாநிலத்தில், பள்ளிவாசல் தெருவில் வளர்ந்ததால் மட்டும் ஒரு பையனுக்குத் தடுப்பூசி போட்டதுபோல் ஆகிவிடாது.

ஆகவே இரவு பதினோரு மணிக்கு மேல் வரும் அந்த போன் எல்லா ஊருக்கும் பொதுவானது. "ஹஜ்ரத், தம்பிய ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க. குடிச்சிட்டு வண்டி ஓட்டினான்னு சொல்றாங்க. இன்ஸ்பெக்டர் கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க." அதே போன் ஜமாஅத் தலைவருக்கும் போகும், கட்சிக்காரருக்கும் போகும், ஊரில் செல்வாக்குள்ள எல்லா பாய்மாருக்கும் போகும். அரை மணி நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் பத்துப் பேர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ஊதச் சொல்லாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள், காலையில் வந்து பார்த்துக்கொள்கிறோம்.

இந்தக் கோரிக்கைதான் பிசகு.

பையன் குடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆதாரத்தை அவனுடைய ஆட்களே அழித்துவிட்டார்கள். பிறகு நீதிமன்றத்தில் காவலரின் சொல்லுக்கு எதிராக இவன் சொல் மட்டும்தான். பையன் குடித்திருந்தான், யாரையோ இடித்தும்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இன்னொரு பஷீரின் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய நீதியை ஜமாஅத்தின் பெயரால் கரைய விட்டோம். திருவனந்தபுரத்தில் ரத்தம் எடுக்காத காவல்துறையைக் கண்டித்து நாமும்தான் பேசினோம். அங்கே தாமதம் அநீதி என்றால் அறந்தாங்கியிலும் அது அநீதிதான்.

சட்டம் சொல்லும் நேரக்கணக்கு

நான் வக்கீல் இல்லை. மதரஸாவில் ஃபிக்ஹ் ஓதிவிட்டுப் பிறகு கல்லூரிக்குப் போனவன். ஆனால் இந்தச் சட்டம் யாரும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எளிமையாகவே இருக்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுதான் அடிப்படை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது, ஓட்ட முயல்வது குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 செப்டம்பரில் வந்த திருத்தத்தால்தான் இந்தத் தொகை. பஷீர் இறந்த ஆகஸ்டில் முதல் குற்றத்துக்கு உச்ச அபராதமே 2,000 ரூபாய்தான்.

சீருடையில் உள்ள காவலர், நியாயமான சந்தேகம் இருந்தால், கருவியில் ஊதச் சொல்லலாம் என்கிறது 203ஆம் பிரிவு. ஊதியதில் மது இருப்பதாகக் காட்டினாலோ, ஊத மறுத்தாலோ, கைதானவரை மருத்துவரிடம் ரத்தம் கொடுக்கச் செய்ய வேண்டும் என்கிறது 204. காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே அவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 205. 'ஊதாமல் சமாளிச்சுட்டா கேஸ் நிக்காது' என்று டீக்கடையில் சொல்லும் சட்டம் இந்தப் பிரிவோடு முடிந்துவிடுகிறது. 202ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: 185இல் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் இந்தச் சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். விட்டுவிடுவது என்றால் காவலிலிருந்துதான். வழக்கு அப்படியே இருக்கும். அதோடு விபத்தில் உயிர் போயிருந்தால் வேறு பிரிவுகளும் சேரும், கணக்கும் மாறும்.

இந்த இரண்டு மணி நேரம் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. குடித்தவர் தப்பக்கூடாது என்பதற்கும் அதுதான், குடிக்காதவர் இரவு முழுவதும் பெஞ்சில் உட்கார வைக்கப்படக்கூடாது என்பதற்கும் அதுதான்.

ஊதும் கருவி வேதவாக்கா என்றால் இல்லை. வாய் கொப்பளிக்கும் சில திரவங்களிலும், சில இருமல் மருந்துகளிலும், ஹோமியோபதி சொட்டு மருந்துகளிலும் ஆல்கஹால் இருக்கிறது. அவற்றைப் பயன்படுத்திய உடனே ஊதினால் வாயில் தங்கிய ஈரத்தையே கருவி பிடித்துக் காட்டிவிடும். கால் மணி நேரம் போல் கழித்து மீண்டும் ஊதினால் அது மறைந்துவிடும். உண்மையில் குடித்தவருக்கு மறையாது. அதனால், 'நான் குடிக்கவே இல்லை' என்று சொல்லும் பிள்ளையின் தகப்பன் ஸ்டேஷனில் முதலில் கேட்க வேண்டியது, "ஐயா, மறுபடி ஊதச் சொல்லுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுங்க" என்பதைத்தான். புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அறந்தாங்கியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. கைதானவரை அரசு மருத்துவர் பரிசோதித்து, அந்த அறிக்கையின் நகலை அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு சொல்கிறது. கைதான நேரமும் ரத்தம் எடுத்த நேரமும் தாளில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வக்கீல் தேடப்போவது அந்த இரண்டு நேரங்களைத்தான்.

ரத்தம் எடுத்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. குப்பி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 2024 மே மாதம் புனேயில் ஒரு சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். அந்த வழக்கில் சிறுவனின் ரத்தத்துக்குப் பதில் வேறொருவர் ரத்தத்தை வைத்ததாக அரசு மருத்துவமனை மருத்துவர்களே கைது செய்யப்பட்டார்கள்.

வாடை சாட்சியாகுமா?

'வாயில் வாடை அடித்தது, தள்ளாடினார், பேச்சு குழறியது' என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது என்று 1971இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பச்சுபாய் ஹசனல்லி கார்யானி என்பவரின் வழக்கு. வாடை, தள்ளாட்டம், கண்மணி விரிந்திருந்தது எல்லாவற்றையும் மருத்துவர் சொன்னார். ஆனால் ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படவில்லை. இவற்றை மட்டும் வைத்து மது அருந்தினார் என்று உறுதியாக முடிவுகட்ட முடியாது என்றது நீதிமன்றம்.

நம் ஃபிக்ஹ் நூல்களை ஓதியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வாடையை மட்டும் வைத்து ஹத் தண்டனை கொடுக்கக்கூடாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் நிலை. மாலிகீ மத்ஹபில் வாடை ஏற்கப்படுகிறது. நம் மாவட்டத்துக் கடலோர ஊர்களிலும் உள்ளூர்களிலும் பின்பற்றப்படுகிற இந்த இரண்டு மத்ஹபுகளும், வற்புறுத்தலால் குடித்திருக்கலாம், தெரியாமல் குடித்திருக்கலாம், வேறு எதன் வாடையாகவோ இருக்கலாம் என்ற ஐயங்களுக்கு இடம் கொடுத்தன. ஐயம் இருக்கும் இடத்தில் தண்டனையைத் தவிர்ப்பது என்ற விதி அங்கிருந்து வருகிறது. குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். எனவே, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைப்பதும், அந்த வக்கீல் குறுக்கு விசாரணையில் கருவியின் கோளாறையும் நேரத்தையும் கேள்வி கேட்பதும் மார்க்கத்துக்கு விரோதமான தந்திரம் என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு தரும் உரிமை அது. வசதி இல்லாதவருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். புதுக்கோட்டையிலும் அது இயங்குகிறது.

ஆனால் அதே ஃபிக்ஹ் வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கூஃபாவின் ஆளுநராக இருந்த வலீத் பின் உக்பா, போதையில் ஃபஜ்ர் தொழுகை நடத்தியதாகக் குற்றச்சாட்டு. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் தாய்வழிச் சகோதரர் அவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் 'மேலிடத்துச் சொந்தம்'. ஒருவர் வலீத் குடித்ததைச் சாட்சி சொன்னார். இன்னொருவர் வாந்தி எடுத்ததைப் பார்த்ததாகச் சொன்னார். குடிக்காமல் எப்படி அதை வாந்தி எடுத்திருப்பார் என்று கேட்டு, கலீஃபா தண்டனையை நிறைவேற்ற உத்தரவிட்டார்கள். அலீ (ரலி) அவர்கள் எண்ண, அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்கள் நாற்பது அடி கொடுத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்தச் செய்தி இருக்கிறது. சாட்சியின் தரத்தைப் பற்றிப் பின்னால் வந்த இமாம்கள் எவ்வளவோ விவாதித்திருக்கிறார்கள். ஆளுநர், கலீஃபாவின் சகோதரர் என்பதற்காக விசாரணையைத் தள்ளிப்போட்டிருக்கலாம் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

சூரா அந்நிஸாவின் 105ஆம் வசனத்திலிருந்து தொடரும் பகுதி எதற்காக இறங்கியது என்பதைத் தஃப்ஸீர்களில் பார்க்கலாம். முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது போட்டார். அவருடைய குலத்தார் கூட்டமாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து, எங்கள் ஆள் நிரபராதி என்று வாதாடினார்கள். மோசடி செய்தவர்களுக்காக வாதாட வேண்டாம் என்ற கருத்தில் வசனங்கள் இறங்கின. யூதர் குற்றமற்றவர் என்று ஆனது. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் பத்துப் பேரும் இந்த நிகழ்ச்சியை ஜும்ஆ பயானில் பல முறை கேட்டவர்கள்தான்.

வாதாடுவதும் மழுப்புவதும்

வக்கீலின் வேலை எங்கே முடிகிறது, மோசடி எங்கே தொடங்குகிறது என்பதற்கும் இந்தியாவில் ஒரு வழக்கு இருக்கிறது. 1999 ஜனவரியில் டெல்லி லோதி சாலையில் ஒரு பி.எம்.டபிள்யூ. கார் மோதி ஆறு பேர் இறந்தார்கள். அதில் மூவர் போலீஸ்காரர்கள். ஓட்டிய சஞ்சீவ் நந்தா பெரும் செல்வந்தர் குடும்பம். வழக்கில் ஒரு சாட்சியை விலைபேசும் காட்சியை 2007இல் ஒரு தொலைக்காட்சி ரகசியமாகப் படம் பிடித்து ஒளிபரப்பியது. சிக்கியவர் எதிர்த்தரப்பின் மூத்த வழக்கறிஞர் ஆர்.கே. ஆனந்த். நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் செய்ததாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு முழு உரிமை இருந்தது, விலைபேச இல்லை. ரத்தம் எடுப்பதைத் தள்ளிப்போடச் சொல்வதும் விலைபேசுவதும் ஒரே ரகம் என்பது என் கருத்து. இரண்டும் சாட்சியை அழிப்பவை.

2002 செப்டம்பரில் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளிகள் மீது சல்மான் கானின் கார் ஏறியதும் நினைவிருக்கும். நூருல்லா என்ற தொழிலாளி இறந்தார், நால்வர் காயம்பட்டார்கள். 2015 மே மாதம் ஐந்து ஆண்டு சிறை. அதே ஆண்டு டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்தான் ஓட்டினார், குடித்திருந்தார் என்பதெல்லாம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றது. ரத்தப் பரிசோதனை நடந்த விதத்திலும் நீதிமன்றம் குறை கண்டது. சட்டப்படி அந்த விடுதலையை ஏற்க வேண்டும். ஆனால் அன்று நம் இளைஞர்கள் பலர் வாட்ஸ்அப்பில் இனிப்பு பரிமாறிக்கொண்டார்கள். இறந்தவரும் முஸ்லிம்தான் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம். 'ஒத்துக்கிட்டு பைனக் கட்டிட்டு வந்துடு, ஒரு நாள் வேலை' என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அது தண்டனைத் தீர்ப்பு. பேருந்து டிக்கெட் எடுக்காததற்குக் கட்டும் அபராதம் போன்றது அல்ல. 185இல் தண்டிக்கப்பட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது ஆறு மாதம் பறிக்க வேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. டிரைவர் வேலைக்கு ரியாத்தோ தோஹாவோ போக நினைப்பவனுக்கு அது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மறுபுறம், வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் மறுக்கப்படலாம்; நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டிவரும். ஆகவே ஒப்புக்கொள்வதா, வழக்கை நடத்துவதா என்பதை அவசரத்தில் தீர்மானிக்காமல் ஒரு வக்கீலிடம் முதலில் காகிதங்களைக் காட்டுங்கள். உண்மையில் குடித்திருந்தால் ஒப்புக்கொள்வதே நேர்மை. குடிக்காதவன் அலைச்சலுக்குப் பயந்து குடித்தேன் என்று சொல்வது பொய்.

பின்னால் உட்கார்ந்து போகும் நண்பனும் தப்ப முடியாது. 185க்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆம் பிரிவு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவரோடு வண்டியில் வந்தவர்கள் மீதும் இந்தப் பிரிவைப் பாய்ச்சத் தொடங்கியது. 'நான் குடிக்கல, பின்னாடிதான் உக்காந்திருந்தேன்' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

உயிர்ச்சேதம் நடந்துவிட்டால் பிரிவுகள் வேறு. கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1). ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாகத்தான் இருந்தது. உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார் என்றால் 105ஆம் பிரிவு, பத்து ஆண்டு வரை. முன்னது ஜாமீனில் வரக்கூடியது, பின்னது அப்படி அல்ல. பஷீர் வழக்கில் இத்தனை நீதிமன்றங்களில் நடந்த போராட்டம் பழைய சட்டத்தின் இந்த இரண்டு பிரிவுகளுக்கு இடையிலான போராட்டம்தான். போதையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற வாதமும் எடுபடாது. தானாகக் குடித்தவருக்கு, போதையில்லாத ஆளுக்கு இருக்கும் அறிவு இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு.

கடைசியாகப் பணம். வண்டி பெரும்பாலும் அத்தா பெயரில் இருக்கும். அத்தா துபாயில் இருப்பார், மகன் ஊரில் ஓட்டுவான். ஓட்டியவர் குடித்திருந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்குக் காப்பீடு கிடைக்காது. ஊதச் சோதனையோ ரத்தச் சோதனையோ நடக்காவிட்டாலும், வேறு சான்றுகளால் குடித்திருந்தார் என்று காப்பீட்டு நிறுவனம் நிரூபிக்கலாம் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் டெல்லி இந்தியா கேட் அருகே நொறுங்கிய ஒரு போர்ஷே கார் வழக்கு. சோதனையைத் தவிர்த்து ஸ்டேஷனில் தப்பித்ததாக நினைத்தவர் இங்கே மாட்டுவார். அடிபட்டவர் குடும்பத்துக்கான இழப்பீட்டையோ, முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வசூலிக்க வரும் நோட்டீஸ், துபாயில் இருக்கும் அத்தாவின் பெயருக்குத்தான் வரும்.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதலாம்: வாகன வழக்கில் நம் ஆள் ஸ்டேஷனில் இருந்தால் ஜமாஅத் சார்பில் இருவர் மட்டும் போவது, ஒருவர் வக்கீலாக இருப்பது, சோதனையை உடனே நடத்தும்படி எழுதிக் கொடுப்பது, யாராவது அடிபட்டிருந்தால் இன்னும் இருவர் அதே நேரத்தில் அவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போவது. வக்கீல் இல்லாத ஊர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை ஜமாஅத் அலுவலகச் சுவரில் எழுதிவைக்கலாம்.